யாழ் நூல் தந்த துறவி

யாழை ஊர்ப் பெயரிலே தாங்கி வாழும் மக்கள் நாம். கண்ணொளி இழந்த பாணன் ஒருவன் அரசன் முன்னிலையில் யாழ் மீட்டி, இந்த மணற்றிடலைப் பரிசிலாகப் பெற்றான் என்னும் கதையைக் கேளாது வளர்ந்த பிள்ளை இக் குடாநாட்டில் அரிது. கழகங்களின் இலச்சினைகளிலும் விழாப் பந்தல்களிலும் யாழின் வடிவத்தை எழுதி மகிழ்கின்றோம். ஆயினும், அந்த யாழுக்கு நரம்பு எத்தனை, அதனை மீட்டினோர் யாவர், அது எக்காரணத்தால் மறைந்தது என்று வினவினால், நம்மிற் பலர் விடை கூற இயலாது விழிப்போம். யாழும் வீணையும் ஒன்றே என்று எண்ணியிருப்போரும் உளர்.

இவ் வினாக்களுக்கு விடை காணும் பொருட்டுத் தம் வாழ்நாளிற் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட்டவர், அரசவைப் புலவருமல்லர், பரம்பரை இசைவாணருமல்லர். அவர் காவி உடுத்த துறவி. கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த ஆசிரியர். மிஷன் பாடசாலைகளிலே படித்து மேனிலை எய்தியவர். அவரே சுவாமி விபுலானந்தர். அவரது நினைவு நாள் வரும்போதெல்லாம் நாம் அவர் திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். முத்தமிழ் வித்தகர் என்னும் பெயரை ஒலிபெருக்கியிலே முழங்குகின்றோம். ஆனால் அவர் எழுதிய நூல்களைத் திறந்து பார்த்தோர் நமக்குள் எத்தனை பேர்? படத்தை மட்டும் போற்றி நூலை மறப்பது பெரியாரைப் போற்றும் முறையாகாது. ஆதலால், கூத்தையும் இசையையும் பற்றி அவர் எழுதிய இரு நூல்களை நடுவாக வைத்து, அவரது சரித்திரத்தை இம் மலரிலே சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

தோற்றமும் கல்வியும்

கிழக்கிலங்கையிலே, மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள காரைதீவு என்னும் சிற்றூரில் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். ஊரிலே திண்ணைக் கல்வியும், வைத்தியலிங்க தேசிகர் என்னும் பெரியாரிடம் தமிழும் வடமொழியும் பயின்றார். பின்னர்க் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், அதன்பின் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். முன்னது புரட்டஸ்தாந்தர் நடத்தியது. பின்னது யேசு சபைக் குருமார் நடத்தியது. கணிதத்தில் அவருக்கு இருந்த வேட்கையை அக் குருமார் கண்டு வளர்த்தனர். பதினாறாவது வயதில், 1908ஆம் ஆண்டில், கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையிலே சித்தியெய்தினார்.

அக் காலத்தில் ஆங்கிலம் கற்ற இளைஞருக்கு உத்தியோகக் கதவுகள் தாமாகத் திறந்தன. கிளாக்கர் வேலையும் காற்சட்டையும் கிடைத்தபின் தேவாரத்தையும் திருவாசகத்தையும் பாட்டியாரிடம் ஒப்படைத்துவிட்டு நடந்தோர் பலர். மயில்வாகனனார் அவ்வாறு செய்தாரல்லர். 1911இல் கொழும்பு ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து பயிற்சி பெற்றபோதும், தமிழ் கற்பதை அவர் விட்டிலர். தென்கோவைக் கந்தையாபிள்ளை முதலிய அறிஞரிடம் பழைய இலக்கியங்களைப் பாடங் கேட்டார். 1916ஆம் ஆண்டிலே இரண்டு காரியங்கள் ஒருங்கே நிறைவேறின. கொழும்பு அரசாங்கத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்புளோமாப் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் தேறினார். இலங்கையர்களுள் அப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்பர். ஒரு கையில் இரசாயனக் குழாயும் மறு கையில் சிலப்பதிகாரமும் ஏந்திய அந்த இளைஞரின் வயது அப்போது இருபத்துநான்கு.

யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலம்

1917இல் அவர் யாழ்ப்பாணம் வந்து, சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தார். கத்தோலிக்கக் குருமாரின் கல்லூரியிலே சைவப் பண்டிதர் ஒருவர் பௌதிகமும் இரசாயனமும் கற்பித்தமை நாம் நினைத்துப் பார்க்கற்பாலது. அங்குக் கற்பித்துக்கொண்டே தாமும் பயின்று, 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

அவரது உள்ளம் துறவை நோக்கித் திரும்பியதும் இக் காலத்திலேயே. 1897ஆம் ஆண்டு சனவரியிலே சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து திரும்பும் வழியில் யாழ்ப்பாணம் வந்து, இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றிப் பேசினார். அன்று மூட்டிய கனல் இவ்வூரிலே அணையாது இருந்தது. சென்னை இராமகிருஷ்ண மடத்துத் தலைவர் சுவாமி சர்வானந்தரின் தொடர்பு மயில்வாகனனாரின் உள்ளத்தில் அக் கனலைச் சுடராக்கியது. கொழும்புத்துறையிலே எழுந்தருளியிருந்த யோகர் சுவாமிகளின் நட்பும் அவருக்கு வாய்த்தது. தமிழும் வடமொழியும் தழைக்க வேண்டுமென்று 1921இல் யாழ்ப்பாணத்தில் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் தோன்றியபோது, அதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

1922ஆம் ஆண்டில் அதிபர் பதவியைத் துறந்து மயிலாப்பூர் மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்னியர் என்னும் பிரமசரிய நாமத்துடன் இரண்டாண்டுகள் பயின்றார். அக் காலத்தில் இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ்ச் சஞ்சிகைக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கிலச் சஞ்சிகைக்கும் பணிபுரிந்தார். 1924இல், பரமஹம்சரின் நேர்ச் சீடராகிய சுவாமி சிவானந்தர் அவருக்குச் சந்நியாசம் அளித்தார். மயில்வாகனனார் சுவாமி விபுலானந்தர் ஆயினார்.

கூத்துக்கு ஒரு நூல்

துறவி ஒருவர் முதலில் எதைப் பற்றி நூல் எழுதுவார்? வேதாந்தம் பற்றி எழுதுவார். பக்தி பற்றி எழுதுவார். விபுலானந்தர் அவற்றையும் எழுதினார். விவேகானந்தரின் ஞானயோகம், கர்மயோகம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். ஆனால் சந்நியாசம் பெற்ற பின், 1926இல், அவர் பெயரால் வெளிவந்த முதன்மையான நூல் நாடகத்தைப் பற்றியது. மதங்க சூளாமணி என்பது அதன் பெயர். மதுரைத் தமிழ்ச் சங்க விழாவிலே அவர் நிகழ்த்திய விரிவுரை வளர்ந்து நூலாகி, அச் சங்கத்தின் வெளியீடாக வந்தது.

அந் நூல் மூன்று இயல்களை உடையது. உறுப்பியல், சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் கொண்டு நாடகத்தின் உறுப்புக்களை விளக்குகின்றது. எடுத்துக்காட்டியல், சேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்து ஆராய்கின்றது. ஒழிபியல், வடமொழியில் தனஞ்சயர் செய்த தசரூபகத்தைத் தழுவி நாடக இலக்கணத்தை நிரப்புகின்றது. ஆங்கில மகாகவிக்குச் செகசிற்பியார் என்று தமிழ்ப் பெயர் சூட்டினார் சுவாமிகள். மிஷன் பாடசாலையிலே படித்த செகசிற்பியாரும், திண்ணையிலே படித்த இளங்கோவும், தேசிகரிடம் கற்ற வடமொழியும் ஒரே நூலில் ஒரு பந்தியில் அமர்ந்து உண்ணக் காண்கின்றோம். தாம் எங்கே கற்றதையும் அவர் வீணாக்கவில்லை. எதன் முன்னும் தம் தாய்மொழியைக் கைகட்டி நிற்க விடவுமில்லை.

இங்கு ஒரு செய்தியை நமது மூத்தோர் முன்னிலையிலே பணிவுடன் கூற விரும்புகின்றோம். அன்றைய யாழ்ப்பாணத்திலே கூத்தும் நாடகமும் படித்தோருக்கு உரியன அல்ல என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. கூத்தாடுபவன் கெட்டான் என்பதும், பாட்டுக்காரனுக்குப் பெண் கொடாதே என்பதும் பல வீடுகளில் எழுதாச் சட்டம். அந்த நிலையில், பட்டதாரியும் பண்டிதரும் துறவியுமான ஒருவர் நாடகத்தைச் சாத்திரமாக வைத்து ஆராய்ந்து காட்டினார். முத்தமிழ் என்று வாயாற் சொல்லிவிட்டு, இயலை மட்டும் நடுவீட்டில் அமர்த்தி, இசையையும் நாடகத்தையும் கொல்லைப்புறத்தில் நிறுத்தும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. பிற்காலத்திலே காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டத்தைக் காண ஊர் ஊராக மக்கள் விடிய விடியக் காத்திருந்தனர். பொழுதுபோக்கு என்று நாம் தள்ளும் கலையிலே மக்களின் கண்ணீரும் அறமும் கலந்திருப்பதை அக் கூட்டங்கள் மெய்ப்பித்தன. சுவாமிகள் அதை முன்னரே உணர்ந்திருந்தார்.

பேராசிரியப் பணியும் பள்ளிப் பணியும்

1925இல் இலங்கைக்குத் திரும்பிய சுவாமிகள், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பேணும் பெரும் பொறுப்பை ஏற்றார். நம் வண்ணார்பண்ணையிலுள்ள வைத்தீசுவர வித்தியாலயமும் அவற்றுள் ஒன்று. 1929இல், மட்டக்களப்பின் கல்லடி உப்போடையிலே தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கே பாரதியின் பாடல்களைப் பண்டிதர் உலகம் ஏளனமாக நோக்கிய காலத்தில், அவற்றைப் போற்றிப் பரப்பக் கழகம் அமைத்தார். மாலை வேளைகளிலே பல்கலைக்கழகத்தை அடுத்த சேரிகளுக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார் என அவரது வரலாறு எழுதியோர் கூறுவர்.

1933இல் அப் பதவியை விட்டார். பின்னர் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியிலே சென்னை அறிஞரோடு சேர்ந்து உழைத்தார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி ஆசிரமத்திலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலச் சஞ்சிகையை நடத்தினார். 1943இல், அதற்கு முந்திய ஆண்டிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். எந்த ஊரிலே எந்தப் பணியில் இருந்தபோதும், கைப்பெட்டியிலே யாழ் ஆராய்ச்சிக் குறிப்புக்கள் அவருடன் சென்றன.

யாழைத் தேடிய முறை

யாழ் என்பது வில்லிலிருந்து பிறந்த கருவி. அம்பை விடும்போது நாண் எழுப்பும் ஓசையே அதன் விதை. வளைந்த தண்டு கோடு எனப்படும். அதன் அடியில் ஒலியைப் பெருக்கும் குடம் போன்ற உறுப்புப் பத்தர். பத்தரை மூடிய தோல் போர்வை. நரம்புகளைக் கோட்டோடு பிணிக்கும் வார்க்கட்டுத் திவவு. வீணையிலே ஒரு தந்தியை மெட்டுக்களின் மேல் அழுத்திப் பல சுரங்களைப் பிறப்பிக்கின்றோம். யாழிலோ மெட்டு இல்லை; ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியது. பேரியாழுக்கு 21 நரம்பு, மகர யாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்பது பழைய உரை மரபு.

இத்தகைய கருவி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மெசொப்பொத்தேமியாவிலே ஊர் என்னும் பண்டை நகரத்தின் கல்லறைகளில் 1920களிலே கிடைத்த நரம்புக் கருவிகள் சுமார் 4500 ஆண்டு பழையன. வில் வடிவான யாழைப் பர்மிய மக்கள் இன்றும் மீட்டி வருகின்றனர். நம் நாட்டிலோ ஒரு யாழ்கூட எஞ்சவில்லை. கண்ணாற் காணாத கருவியை எவ்வாறு ஆராய்வது?

இங்கேதான் சுவாமிகள் பெற்ற இருவகைக் கல்வியும் கைகோத்தன. பொருநராற்றுப்படையும் பாணாற்றுப்படைகளும் யாழின் ஒவ்வோர் உறுப்புக்கும் கூறும் உவமைகளைக் கட்டடக் கலைஞன் வரைபடத்தைப் படிப்பது போலப் படித்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அடியார்க்குநல்லார் உரையையும் கணித நூலைக் கற்பது போலக் கற்றார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுப்பர் பழையோர், கூட்டினால் 22. இவ்வெண்களைச் செய்யுளாக மனனஞ் செய்து ஒப்புவித்தோர் பலர். அவை ஒலியின் அளவுகளைக் குறிப்பன என்று கொண்டு கணக்கிட்டுப் பார்க்கத் துணிந்தோர் சிலர். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல்தானத்திற் பிறக்கும். மூன்றில் இரண்டாக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். பௌதிக வகுப்பிலே எவரும் செய்து காணக்கூடிய இந்த உண்மையை அடிப்படையாக வைத்து, பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று திரியும் முறையையும், பண்கள் பிறக்கும் முறையையும் எண்களால் நிறுவ முயன்றார்.

இத் துறையில் அவருக்கு முன்னோடியாக விளங்கியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். அவரது கருணாமிர்த சாகரம் 1917இல் வெளிவந்தது. பண்டிதர் கிறித்தவர், அலகு 24 என்பது அவர் கொள்கை. விபுலானந்தர் சந்நியாசி, 22 என்பது அவர் கொள்கை. இருவரும் முடிவிலே வேறுபட்டாலும், தமிழிசையை அளந்து பார்க்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். கல்விக்கு மதவேலி இல்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா? மிஷன் பாடசாலையிலே படித்த சைவப் பிள்ளைகள் தம் சொந்தத்தை இழந்துவிடுவர் என்று அஞ்சும் பெற்றோருக்கும், தாம் இரண்டு உலகங்களுக்கு இடையே நிற்பதாக ஏங்கும் எம் போன்ற மாணவருக்கும், சுவாமிகளின் வாழ்வு ஆறுதல் தருகின்றது. எங்கே கற்றோம் என்பதை விட, கற்றதை எதற்குப் பயன்படுத்தினோம் என்பதே பெரிது.

அரங்கேற்றம்

பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக யாழ் நூல் நிறைவெய்தியது. நச்சாந்துபட்டிச் சிதம்பரம் செட்டியார் பொருள் உதவினார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு சூன் மாதம் 5ஆம், 6ஆம் நாட்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர் ஆலயத்திலே அரங்கேற்றம் நிகழ்ந்தது. வெள்ளம் பெருகிய ஆற்றிலே ஓடத்தைத் திருப்பதிகத்தாற் செலுத்தித் திருஞானசம்பந்தர் கரையேறிய தலம் அது. சுவாமிகள் ஆராய்ந்து கண்ட முறைப்படி செய்யப்பட்ட யாழ்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. க. பொ. சிவானந்தம்பிள்ளை அவற்றை மீட்டிக் காட்டினார். நூற்றாண்டுகளாக ஏட்டிலே உறங்கிய நரம்புகள் அன்று சந்நிதியிலே பேசின.

உடல் தளர்ந்திருந்த சுவாமிகள் அதைக் கேட்டு மகிழ்ந்தார். ஆனால் அம் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆறு வாரங்கள் கழிந்து, சூலை 19ஆம் நாள் கொழும்பிலே அவர் சமாதியெய்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பாரதநாடு விடுதலை பெற இன்னும் ஒரு மாதம் கூட இல்லை. இலங்கை விடுதலை பெற ஏழு மாதம் இருந்தது. அவரது பூதவுடல் மட்டக்களப்புக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பட்டது. இறைவன் உவக்கும் மலர் வெளியிலே பூப்பதன்று, அன்பர் உள்ளத்திலே பூப்பது என்னும் கருத்தமைந்த அவரது பாடல் அச் சமாதியை அணி செய்கின்றது.

யாழ் ஏன் மறைந்தது?

இனி, நமது சங்கத்தார் சிந்திக்க வேண்டிய ஒன்றைக் கூறி முடிக்க எண்ணுகின்றோம். யாழை மீட்டியோர் பாணர். சங்க காலத்திலே அரசனுடன் அருகிருந்து உண்டவர்கள், பிற்காலத்திலே தாழ்ந்தோராக எண்ணப்பட்டனர். அறுபத்துமூவருள் ஒருவராகிய திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. மதுரை ஆலயத்தின் வாயிலிலே வெளியே நின்று யாழ் வாசித்தார் அவர். இறைவனே அடியார் கனவிலே தோன்றி அவரை உள்ளே அழைப்பித்து, ஈரத்தால் யாழ் கெடாதிருக்கப் பொற்பலகையும் இடுவித்தான். திருவாரூரிலே அவருக்கென வடதிசையில் வேறு வாயில் வகுத்தான். திருச்சாத்தமங்கையிலே, சம்பந்தப் பிள்ளையாரின் வேண்டுகோட்படி, வேதியராகிய திருநீலநக்க நாயனார் அப் பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் தம் மனையில் வேள்வித் தீயின் அருகிலேயே துயில இடம் அளித்தார். தீ அவியவில்லை, வலமாகச் சுழன்று ஓங்கியது.

அப் பாணரின் மனைவியாருடைய பெயர் மதங்க சூளாமணி! சுவாமிகள் தம் நாடக நூலுக்கு இட்ட பெயர், கூத்தருக்கெல்லாம் முடிமணி எனப் பொருள்பட்டுச் செகசிற்பியாரைக் குறிப்பது. ஆயினும், பெரியபுராணம் கற்ற சைவர் எவருக்கும் அச் சொல்லைக் கேட்டவுடன், ஞானசம்பந்தருடன் ஊர் ஊராகச் சென்று பாடிய பாணர் குலத்துப் பெண்மணியே நினைவுக்கு வருவார். தேவாரப் பண்களை மக்கள் மறந்த காலத்திலும், யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவரே அவற்றை மீட்டளித்தார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். நாம் இன்று கோயிலிலே கேட்கும் பண், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் காத்துத் தந்த செல்வம்.

ஒரு கருவி எப்போது மறைகின்றது? மரம் இல்லாமற் போனதாலன்று, நரம்பு அறுந்ததாலுமன்று. அதனை மீட்டும் கைக்கு மதிப்பு இல்லாது போனால், தந்தை தன் மகனுக்கு அக் கலையைக் கற்பிக்கத் தயங்குகிறான். வீணையின் எழுச்சி போன்ற வேறு காரணங்களும் யாழின் மறைவுக்கு உண்டு. ஆயினும் பாணரின் தாழ்ச்சியும் யாழின் மறைவும் ஒன்றையொன்று தொடர்ந்தன என்பதே நம் துணிபு. யாழைத் தேடிய துறவி, சேரிப் பிள்ளைகளையும் தேடிச் சென்றது தற்செயலன்று. இசையை மதிப்பவன் இசைப்பவனையும் மதிக்க வேண்டும் என்னும் ஒரே உணர்ச்சியின் இரு கிளைகள் அவை.

நம் நிலை என்ன? 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்திலே, வழிபடும் உரிமை வேண்டி மக்கள் ஆலய வாயிலில் அமர வேண்டியிருந்தது. திருவாரூரில் இறைவன் திறந்த வாயிலை நாம் அடைத்து வைத்திருந்தோம் என்பதே அதன் பொருள். இன்று பல வாயில்கள் திறந்துள்ளன. ஆனால், திருவிழா இரவிலே நாகசுவரத்தையும் தவிலையும் மெய்ம்மறந்து கேட்டு நிற்கும் நாம், அதே வித்துவானின் வீட்டில் சம்பந்தம் பேச இசைவோமா? விழா மேடையிலே தலைவருக்கும் பிரமுகருக்கும் நாற்காலி இட்டபின், பாடினவருக்கு எங்கே இடம் வைக்கின்றோம்? இவ் வினாக்களை மூத்தோரைப் பழிப்பதற்காகக் கேட்கவில்லை. விடை கூறவேண்டியவர்கள் இளைஞராகிய நாமும்தான்.

சுவாமிகள் தொடங்கிய பணி ஓயவில்லை. மட்டக்களப்பிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி இசையும் நடனமும் நாடகமும் கற்பித்து வருகின்றது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1974இல் யாழ் நூலை மீண்டும் அச்சிட்டது. அண்மை ஆண்டுகளிலே தமிழகத்து இளங் கைவினைஞர் பழைய நூல்களைக் கொண்டு யாழைச் செய்து மீட்டிக் காட்டுகின்றனர். யாழ்ப்பாணத்து இளைஞர் மட்டும் இலச்சினையோடு அமைதி கொள்ளலாமா?

ஆதலால் நமது சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். யாழ் நூலும் மதங்க சூளாமணியும் நம் வாசிகசாலையிலே இடம்பெறட்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையின் பின் வாரம் ஓர் இயலின் ஒரு பகுதியையேனும் கூடியிருந்து படிப்போம். கடினமான இடங்களை விளக்கப் பண்டிதரையும், எண்களை விளக்கக் கணித ஆசிரியரையும், பண்ணை இசைத்துக் காட்ட ஓதுவாரையும் ஒருங்கே அழைப்போம். ஆலயங்களிலே வாசிக்கும் முதிய வித்துவான்களிடம் அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு நினைவு விழாவிலே, சுவாமிகளின் படத்துக்கு முதல் மாலை சூட்டும் உரிமையை ஊரிலே இசையாலும் கூத்தாலும் வாழும் ஒருவருக்கு அளித்து, மேடையின் நடுவிலே அவரை அமர்த்துவோம்.

அன்று சாத்தமங்கையிலே பாணர் அருகிருந்ததால் வேள்வித் தீ அவியாது ஓங்கியது. நமது சங்கத்தின் விளக்கும் அவ்வாறே ஓங்குக.